ஹெர்மன் ஃபான் சால்சா ஜால்ராவா? – கடிதம்

அண்ணா வணக்கம். டியூட்டானிக் நைட்ஸ்ங்கிற ஜெர்மன் சிலுவைப்போர் வீரத்துறவிகள் அமைப்பைப் பத்தி எழுதினப்ப அவங்க தலைவர் (கிராண்ட் மாஸ்டர்) ஹெர்மன் ஃபான் சால்சாவை ரொம்பத்தான் தூக்கி வெச்சிருக்கீங்க. பேர் சொல்ற மாதிரி ஒரு போர்கூட ஜெயிக்காதவர், பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்குக்கு ஜால்ரா அடிச்சே அமைப்பை வளர்த்தவர்னுதான் எனக்குத் தோணுது.
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

ஜால்ராங்கிறதை மட்டும் என்னால ஒத்துக்கவே முடியல. ஜால்ரா அடிக்கிறவனை எதிர் கோஷ்டி நம்பாது, ஆனா ஹெர்மனை போப்பும் நம்பினார். 1230ல சமாதானம் ஆகி ஃபிரெடரிக்கும் போப் ஒன்பதாம் கிரிகோரியும் அனாக்னியில உக்காந்து சாப்பிட்டப்ப, கூட இருந்த மூணாவது ஆள் ஹெர்மன் மட்டும்தான்.

அதுக்கு முந்தி நடந்ததைப் பாருங்க. 1227ல சிலுவைப்போருக்குக் கப்பல் ஏறி, உடம்பு முடியாம திரும்பி வந்தார்னு போப் ஃபிரெடரிக்கை திருச்சபையை விட்டே விலக்கிட்டார், அப்படியும் அவர் அடுத்த வருஷம் கிளம்பிப்போய் சுல்தான் அல்-காமில்கிட்ட பேச்சுவார்த்தையிலயே 1229 பிப்ரவரியில ஜெருசலேமை வாங்கிட்டார். விலக்கப்பட்டவன் பேச்சைக் கேக்கமாட்டோம்னு டெம்ப்ளர்கள், ஹாஸ்பிட்டலர்கள்ங்கிற மத்த ரெண்டு வீரத்துறவி அமைப்புகளும் முறுக்கிக்கிட்டப்ப ஹெர்மன் பேரரசர் பக்கம் நின்னார், அது நிஜம். ஆனா மார்ச்ல புனிதக் கல்லறைக் கோயில்ல பூசையோட முடிசூட்டிக்கலாம்னு சிலர் ஏத்திவிட்டப்ப, வேணாம், இது பகையை இன்னும் முத்த வைக்கும்னு தடுத்ததும் அவர்தான். கடைசியில பூசை இல்லாம ஃபிரெடரிக் தானே கிரீடத்தை எடுத்துத் தலையில வெச்சுக்கிட்டார். எஜமானுக்குப் பிடிக்காததை அந்த நேரத்துல சொல்றதுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேணும்!

அமைப்பை வளர்த்த கதைக்கு வருவோம். ஹங்கேரி ராஜா இரண்டாம் ஆண்ட்ராஸ் 1211ல டிரான்சில்வேனியாவுல எல்லைக் காவலுக்கு டியூட்டானிக் நைட்ஸுக்கு நிலம் குடுத்தார், இவங்க கோட்டை கட்டி நிலத்தை போப்போட பாதுகாப்புல கொண்டுபோனதும் கோவம் வந்து 1225ல அடிச்சு விரட்டிட்டார். ஹெர்மன் அதுல நல்லா பாடம் படிச்சார். அடுத்து போலந்துப் பக்கம் மசோவியா பிரபு கொன்ராட், பால்டிக் கடலோரத்துல இருந்த பிரஷ்யர்கள்ங்கிற பழங்குடிகளை அடக்க வாங்கன்னு கூப்பிட்டப்ப உடனே படையைத் திரட்டி ஓடல, முதல்ல பேப்பரை ரெடி பண்ணார். பேரரசர்கிட்ட 1226 தேதியிட்ட ரிமினி பொற்சாசனம், போப்கிட்ட 1234ல ரியெட்டி சாசனம், ஒரே நிலத்துக்கு ஒண்ணையொண்ணு முறைச்சுக்கிட்டிருந்த ரெண்டு பேர்கிட்டயும் பத்திரம் வாங்கினவர் தம்பி இவர்! 1190ல ஆக்கர் முற்றுகையில பிரெமன், லூபெக் ஆளுங்க ஆரம்பிச்ச ஒரு ஆஸ்பத்திரிதான் இந்த அமைப்பா வளர்ந்து இவர் காலத்துல ஒரு நாட்டுக்கே அஸ்திவாரம் போட்டுச்சு.

1239 மார்ச் 20 சலெர்னோவுல செத்துப்போனார். அதே நாள்தான் கிரிகோரி ஃபிரெடரிக்கை ரெண்டாவது தடவை விலக்கினார். அதுக்கப்புறம் அந்தப் பகையைத் தீர்த்து வைக்க இவர் மாதிரி ஆள் கிடைக்கல, 1250ல ஃபிரெடரிக் விலக்கத்தோடயே போய்ச் சேர்ந்தார்.

அவர்மேல எனக்கும் கோவம் இருக்கு, ஆனா அது பிரஷ்யா விஷயத்துல. அந்த சாசனங்கள்ல யாரும் அங்க வாழ்ந்த பிரஷ்யர்களை ஒரு வார்த்தை கேக்கல, பல வருஷம் ரத்தம் சிந்தி அடக்கினாங்க, பின்னாடி அவங்க மொழியே பேச ஆளில்லாம அழிஞ்சுபோச்சு. ஹெர்மனை விமர்சிக்கணும்னா அங்க இருந்து ஆரம்பிங்க, நானும் உங்ககூட நிக்கிறேன்.