போரஸ் படைக்கு என்ன நிறம் அடிப்பது?

பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் மேசைப் போர் விளையாட்டுக்காக, அலெக்சாந்தரை எதிர்த்த போரஸ் மன்னன் காலத்து இந்தியப் படை ஒன்றைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். 1/72 அளவில் (நிஜ உயரத்தில் 72-இல் ஒரு பங்கு) ஒரு பெட்டி பிளாஸ்டிக் வீரர்களும் இரண்டு யானைகளும் கையில் இருக்கின்றன. அடித்த பெயின்ட் வேலிலும் வில்லிலும் உரிந்து வருகிறது. பெட்டி மேல் இருக்கும் படத்தில் எல்லாரும் சிவப்பும் மஞ்சளுமாக மின்னுகிறார்கள், அது சரிதானா? கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களைப் பார்த்து நிறம், உடை முடிவு செய்யலாமா? இன்னும் எத்தனை வாங்க வேண்டும்?"

முதலில் உரிகிற பெயின்டைச் சரிசெய்வோம். 1/72 பெட்டிகளில் பெரும்பாலும் வளைந்து கொடுக்கும் மென்மையான பிளாஸ்டிக்தான் வரும். அச்சிலிருந்து எடுத்தபோது ஒட்டிய எண்ணெய்ப் பசை அதன் மேல் இருக்கும். அதற்கு மேல் பெயின்ட் நிற்காது. பழைய பெயின்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில், பழைய பல் பிரஷால் நன்றாகத் தேயுங்கள். காய்ந்ததும் ஃபெவிகாலைச் சம அளவு தண்ணீரில் கரைத்து மெல்லியதாக ஒரு பூச்சு. ராத்திரி முழுக்கக் காயட்டும். அந்தப் படலம் வேலோடு சேர்ந்து வளையும், உடையாது. அதன் மேல் அக்ரிலிக் பிரைமர் (நிறம் பிடிப்பதற்கான அடிப்பூச்சு), பிறகு நிறம். வளைந்த வேலைக் கொதித்து இறக்கிய நீரில் சில நொடி முக்கி, நிமிர்த்திப் பிடித்தபடி குளிர்ந்த நீரில் விட்டால் நேராக நிற்கும். ஒடிந்தே போயிருந்தால் வாரியல் ஈர்க்கின் நுனியைப் பிளேடால் சீவி வைக்கலாம். இந்தப் பிளாஸ்டிக்கில் சூப்பர் குளூ சரியாகப் பிடிக்காது. அதனால் வீரனின் கைமுட்டியில் சூடான ஊசியால் துளை போட்டு ஈர்க்கை நுழைத்துவிடுங்கள்.

ஸ்பிரே பிரைமரை நம் ஊரில் எல்லா மாதமும் நம்ப முடியாது. குற்றாலச் சீசன் காற்றில் மொட்டை மாடியில் நின்று அடித்தால், பெயின்ட் பொம்மையைத் தொடும் முன்பே பாதி காய்ந்து மணல்மணலாக உட்காரும். ஐப்பசி மழையில் அடித்தால் பனி படர்ந்ததுபோல வெளுக்கும். பிரஷால் பூசுகிற பிரைமர்தான் இங்கே ஆண்டு முழுக்கக் கைகொடுக்கிறது. சித்திரை வெயிலில் தட்டில் ஊற்றிய அக்ரிலிக் இரண்டு நிமிடத்தில் தோலாகிவிடும். ஒரு டிபன் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன் மேல் பட்டர் பேப்பர், அதன் மேல் பெயின்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நிறத்துக்கு வருவோம். பெட்டிப் படத்தை ஒதுக்கி வையுங்கள். அலெக்சாந்தரின் கடற்படைத் தளபதி நியார்க்கஸ் இந்தியர்களைக் கண்ணால் பார்த்து எழுதியது, அரியன் என்ற கிரேக்க ஆசிரியர் வழியாக நமக்குக் கிடைத்திருக்கிறது. மரத்தில் விளையும் நூலால் ஆன உடை, அதாவது பருத்தி. கெண்டைக்கால் பாதி வரை ஓர் ஆடை, தோளைச் சுற்றி ஒன்று, தலையைச் சுற்றி ஒன்று. அந்த வெள்ளை மற்ற இடத்துத் துணிகளைவிடப் பளிச்சென்று தெரிகிறது, ஒருவேளை இவர்கள் கறுப்பாக இருப்பதால் அப்படித் தெரிகிறதோ என்கிறார். இந்த ஒரு குறிப்பே உங்கள் படைக்குப் போதும். கறுத்த உடம்பில் வெள்ளைத் துணி, அதுதான் இந்தப் படையின் அழகு. சிவப்பையும் மஞ்சளையும் அள்ளிப் பூசினால் அந்த அழகு போய்விடும்.

வெள்ளையை நேரடியாக வெள்ளையாக அடிக்காதீர்கள். வெள்ளையில் ஒரு பொட்டு யெல்லோ ஓக்கரும் (மண் மஞ்சள்) அதைவிடக் குறைவாகக் கறுப்பும் கலந்து, கோடி வேட்டியின் பழுப்பு நிறத்தில் முதல் பூச்சு. மடிப்புகளில் நீர்த்த பழுப்பை ஓட விடுங்கள். காய்ந்த பிறகு தோள், முழங்கால், தலைப்பாகை மேடு என்று வெளிச்சம் விழும் இடங்களில் மட்டும் சுத்த வெள்ளை. பத்து வீரர்களில் இரண்டு பேருக்கு வேட்டியின் கீழ் விளிம்பில் மண் நிறம் தடவுங்கள். தூய வெள்ளை அதிகாரிக்கும் அரசனுக்கும் இருக்கட்டும்.

உடம்புக்கு, வெளிநாட்டுப் பெயின்ட் செட்டில் வரும் 'ஃப்ளெஷ்' புட்டியைத் திறக்கவே வேண்டாம். பர்ன்ட் அம்பரும் (கரும்பழுப்பு) பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) சம பங்கு, அதில் கொஞ்சம் ஓக்கர். பாதிப் பேருக்கு அம்பரைக் கூட்டுங்கள், சிலருக்குச் சியன்னாவை. ஒரே கறுப்பில் முப்பது பேர் எங்கேயும் நிற்பதில்லை. மதியம் வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் நின்று முகங்களைப் பாருங்கள்: நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் வெளிச்சம் செம்பு நிறமாக விழும், வெளுப்பாக விழாது. ஆகவே மேல்வெளிச்சத்துக்கு வெள்ளையைச் சேர்க்காமல் ஓக்கரையும் துளி ஆரஞ்சையும் சேருங்கள். ஃபெவிக்ரில், கேமல் அக்ரிலிக் இதற்குப் போதும். தண்ணீர் சேர்த்து இரண்டு மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிறத்தில் விளையாட ஓர் இடம் உண்டு, தாடி. இந்தியர்கள் தாடிக்குச் சாயம் ஏற்றுகிறார்கள், சிலர் வெள்ளை, சிலர் கருநிறம், சிலர் சிவப்பு, ஊதா, பச்சைகூட என்று நியார்க்கஸ் எழுதுகிறார். வில்லாளிகளில் ஒருவருக்குப் பச்சைத் தாடி அடித்துப் பாருங்கள். பணக்காரர்களுக்குத் தந்தக் காதணி, வெள்ளைத் தோல் செருப்பு. கேடயம் பதப்படுத்தாத மாட்டுத்தோல். அதற்கு மங்கிய பழுப்புப் போதும், சித்திரங்கள் வேண்டாம்.

ஆயுதத்தையும் சரிபாருங்கள். வில் ஆள் உயரம். அதைத் தரையில் ஊன்றி இடது காலை வைத்து இழுப்பார்கள், அம்பு ஏறக்குறைய மூன்று முழம். வாள் அகலமானது, இரண்டு கையாலும் ஓங்கி வெட்டுவது. குதிரை வீரனுக்குச் சேணம் கிடையாது. காலடியில் அங்கவடி (கால் வைக்கும் வளையம்) இருந்தால் அந்தப் பொம்மை வேறு காலத்தது, பிளேடால் வெட்டிவிடுங்கள்.

யானைக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி. வாங்கியவை ஆசிய யானைதானா என்று முதலில் பாருங்கள். முதுகு வில்போல மேடாக இருக்க வேண்டும், தலையில் இரண்டு மேடு, காது சிறியது. முதுகு நடுவில் குழிந்து, காது தோளை மூடினால் அது ஆப்பிரிக்க யானை. விலை குறைவான பொம்மைகளில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். நிறம் வெறும் சாம்பல் இல்லை. நெல்லையப்பர் கோயில் காந்திமதியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். 2025 ஜனவரியில் அது இறந்தபோது ஊரே கலங்கியது. வயதான ஆசிய யானைக்குக் காது விளிம்பிலும் துதிக்கை மேலும் நிறம் போய், இளஞ்சிவப்பில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். கறுப்பு, அம்பர், வெள்ளை கலந்த கருஞ்சாம்பலில் அடித்து, சுருக்கங்களில் கறுப்பு நீர் ஓடவிட்டு, மேலே இளஞ்சாம்பலைக் காய்ந்த பிரஷால் தேய்த்த பிறகு, அந்த இளஞ்சிவப்பை ஸ்பாஞ்ச் துண்டால் ஒற்றியெடுங்கள். பிரஷால் புள்ளி வைத்தால் செயற்கையாக இருக்கும்.

அம்பாரி வைத்த யானையைப் போரஸ் படையில் நான் நிறுத்த மாட்டேன். சாஞ்சி பௌத்த ஸ்தூபியின் தோரண வாயில் சிற்பங்களில் வீரர்கள் யானையின் முதுகில் கால் பரப்பித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பாகன் ஒருவன், வில்லாளிகள் மூன்று பேர் என்று மௌரியர் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் கணக்குச் சொல்கிறார்.

கிருஷ்ணாபுரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திருச்செந்தூர் சாலையில் போகும்போதெல்லாம் நானும் இறங்கிப் பார்க்கிறவன்தான், அந்த வீரர்களின் நரம்பும் நகமும் பார்க்கத் திகட்டாது. ஆனால் அது நாயக்கர் காலம், 16-ஆம் நூற்றாண்டு. போரஸ் அலெக்சாந்தரோடு பஞ்சாபின் ஜீலம் ஆற்றங்கரையில் மோதியது பொ.ஆ.மு. 326. நடுவில் 1,800 ஆண்டுக்கு மேல். உடல் முறுக்கும் தசையில் நிழல் விழும் இடமும் அங்கே கற்றுக்கொள்ளுங்கள். வாள், கிரீடம், கச்சை எதையும் எடுக்காதீர்கள். உடைக்குச் சாஞ்சியின் தெற்குத் தோரணம் நல்ல வழிகாட்டி. புத்தரின் எலும்புக்காகக் குசிநகரை முற்றுகையிடும் காட்சி அதில் இருக்கிறது. தேர், யானை, வில்லாளி எல்லாம் ஒரே பலகையில் கிடைக்கும். அதுவும் போரஸுக்கு முந்நூறு ஆண்டு பிந்தியதுதான், ஆனாலும் நம்மிடம் இருப்பவற்றில் பயனுள்ளது.

பொம்மை நிற்கும் அடித்தட்டில் மண் ஒட்டும்போது தேரிச் செம்மண்ணை எடுக்கத் தோன்றும். ஜீலம் கரைக்கு அது பொருந்தாது. அங்கே சாம்பல் கலந்த வண்டல். அதோடு போருக்கு முந்தைய இரவு கனமழை. தேர்ச் சக்கரங்கள் சேற்றில் புதைந்தன, வில்லை ஊன்றத் தரை வழுக்கியது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் குர்ட்டியஸ் சொல்கிறார். சலித்த ஆற்று மணலை ஃபெவிகாலில் ஒட்டி, கரும்பழுப்பு அடித்து, சில குழிகளில் மட்டும் பளபள வார்னிஷ் விட்டால் ஈரச் சேறு வந்துவிடும். அதே சேற்றை யானையின் முழங்கால் வரை தடவுங்கள். திருச்செந்தூர்க் கடல் மணலைக் கழுவாமல் ஒட்டி, மூன்று மாதத்தில் உப்புப் பூத்து ஒரு குதிரைப் படையையே நான் இழந்திருக்கிறேன். நீங்கள் நான்கு தண்ணீரில் அலசிவிடுங்கள்.

எத்தனை வாங்குவது? போரஸிடம் 200 யானை, 300 தேர், 4,000 குதிரை, 30,000 காலாள் என்கிறார் அரியன். மேசைக்கு அவ்வளவு வேண்டாம். டி.பி.ஏ. என்ற பழங்காலப் போர் விளையாட்டின் விதிகளில் ஒரு படைக்குப் பன்னிரண்டு தட்டுதான், அதாவது வீரர்களை ஒட்டி நிறுத்தும் பன்னிரண்டு அடித்தட்டு. கையில் இருக்கும் பெட்டியே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும், ஒரு தேர் பெட்டி மட்டும் சேருங்கள். அடித்து முடிக்கும் வரை அடுத்ததை வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியரும் சுங்கமும் பொம்மை விலையைத் தாண்டிவிடும். எதிரியாக யாரைச் சேர்ப்பது என்பதை எதிரே விளையாட உட்காரப்போகிறவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

பாண்டியன் படை வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு எப்படியும் வரும். அப்போது அதே பெட்டியில் இன்னொன்று வாங்கி, தட்டில் தேரிச் செம்மண்ணைத் தாராளமாக ஒட்டுங்கள். யானையின் முதுகிலும் கொஞ்சம் சிவப்பு தூவுங்கள், யானை தன் மேல் மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற பிராணி. கொடியில் மீன், தலையில் வேப்பம்பூ. எதிரெதிர் நின்று மோதுகிற போருக்குத் தும்பைப் பூச் சூடுவது சங்க மரபு. அதற்கு வேப்பிலைப் பச்சைக்கு மேல் நுனி பிரஷால் வெள்ளைப் புள்ளி இரண்டு வைத்தால் போதும்.

கடைசிப் பூச்சுக்கு மர வார்னிஷ் வேண்டாம், அது நாளாக மஞ்சளாகி வேட்டியெல்லாம் கெட்டுப்போகும். தண்ணீரில் கரையும் மேட் அக்ரிலிக் வார்னிஷ் வாங்கி, வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து நிழலில் வைத்துப் பூசுங்கள்.