பெட்டி வண்டிக்குள்தான் இருக்கிறது

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்னீர்களே என்று ‘செவன் மென் ஃப்ரம் நவ்’ என்ற கௌபாய் படம் பார்த்தேன். ஏமாற்றம்தான். பெரிய ஊர் இல்லை, கூட்டம் இல்லை, கொள்ளை நடப்பதைக்கூடக் காட்டவில்லை. திருட்டுத் தங்கம் எங்கே இருக்கிறது என்பதும் படம் முடிவதற்கு வெகுநேரம் முன்பே தெரிந்துவிடுகிறது. கையில் காசில்லாமல் எடுத்த ஒரு படத்தை விமர்சகர்கள் சேர்ந்து தூக்கிவிட்டார்களோ? இதில் உங்களுக்கு என்னதான் பிடித்தது? இதே வகையில் வேறு நல்ல படம் உண்டா?

வி.

அன்புள்ள வி.,

முடிவு வரை பேசப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

காசில்லை என்பது உண்மை. 1956இல் ஜான் வெயினின் கம்பெனி சிக்கனமாக எடுத்த படம், ஓடுவது 78 நிமிடம். கலிஃபோர்னியாவில் லோன் பைன் பக்கத்துப் பாறைகள், ஒரு வண்டி, கொஞ்சம் குதிரைகள், விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். ஆனால் தங்கம் இருக்கும் இடம் சீக்கிரம் தெரிந்துவிட்டது என்கிறீர்களே, எனக்குப் படம் பிடித்துப்போனதே அதனால்தான்.

தங்கமும் பணமும் ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கும் வெல்ஸ் ஃபார்கோ கம்பெனியின் அலுவலகத்தில் ஏழு பேர் புகுந்து 20,000 டாலர் தங்கத்தை அள்ளிப்போகிறார்கள், அதில் அங்கே வேலை செய்த ஒரு பெண் செத்துப்போகிறாள். அவள் கணவன் பென் ஸ்ட்ரைட் (ரண்டால்ஃப் ஸ்காட்) அந்த ஏழு பேரைத் தேடிக் கிளம்புகிறான். வழியில் சேற்றில் ஒரு வண்டி புதைந்து நிற்கிறது. கலிஃபோர்னியாவுக்குப் போகும் கிரீர் என்பவனும் அவன் மனைவி ஆனியும். ஸ்ட்ரைட் இறங்கி உதவுகிறான், வண்டி மேலே வருகிறது, கூடவே துணைக்கும் போகிறான். அந்த வண்டிக்குள்தான் திருட்டுத் தங்கப் பெட்டி இருக்கிறது. 500 டாலர் கூலிக்கு அதை ஃப்ளோரா விஸ்டா என்ற ஊரில் கொண்டு சேர்க்க கிரீர் ஒப்புக்கொண்டிருக்கிறான். தன் மனைவியின் உயிரைக் குடித்த தங்கத்தை இவனே சேற்றிலிருந்து மீட்டுக் காவலும் போகிறான், அது அவனுக்கும் தெரியாது, முதல் தடவை பார்க்கும்போது நமக்கும் தெரியாது. குகையிலோ கல்லறையிலோ புதைத்துவைத்திருந்தால் வரைபடம், துப்பு, தோண்டல் என்று கதை போயிருக்கும். இங்கே எல்லோரும் அதைச் சுற்றியே சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள். மழை இரவில் ஸ்ட்ரைட் வண்டிக்கு அடியில் படுத்திருக்க, மேலே பலகையில் ஆனி படுத்திருக்கிறாள், இடையில் அந்தப் பலகைதான். இரண்டு பேரும் ஓரிரு வார்த்தை பேசுவதோடு சரி. அடுத்தவன் மனைவி என்பதைத் தாண்டி அவன் ஒரு அங்குலம்கூட நகரமாட்டான்.

அப்புறம் மாஸ்டர்ஸ், அதாவது லீ மார்வின். தங்கத்தை யார் கண்டுபிடித்தாலும் கடைசியில் தான் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒட்டிக்கொண்டு வருகிறவன். வண்டிக்குள் நாலு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து காபி குடிக்கும்போது ஒரு கதை சொல்கிறான் பாருங்கள்: இப்படித்தான் ஒரு புருஷன் பெண்டாட்டி, புருஷன் கொஞ்சம் சொத்தை, வழியில் உயரமாக ஒருவன் வந்து சேர்ந்தான்... பெயர் எதுவும் சொல்வதில்லை. கிரீர் முகத்தைப் பார்க்க மனசு வராது நமக்கு. பெரிய பட்ஜெட் இருந்திருந்தால் இந்த இடத்தில் ஒரு சண்டைக் கூட்டம் வந்திருக்கும், இந்தக் காட்சி நமக்குக் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். எழுதியவர் பர்ட் கென்னடி.

கொள்ளையைக் காட்டவில்லை என்ற குறைக்கு வருகிறேன். காட்டியிருந்தால் ஸ்ட்ரைட் வெறும் பழிவாங்கும் ஆளாகிவிடுவான். அவன் தேர்தலில் ஷெரிஃப் பதவியை, அதாவது ஊர்க் காவல் தலைவர் பதவியை, இழந்தவன். துணை ஷெரிஃப் வேலை கிடைத்தும் கௌரவம் பார்த்து மறுத்துவிட்டான், அதனால்தான் அவன் மனைவி வேலைக்குப் போக வேண்டிவந்தது. இது நமக்குப் பேச்சுவாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியவருகிறது. அவன் துரத்துவது ஏழு பேரை மட்டுமல்ல.

கிரீரும் எனக்கு முக்கியமானவன். மாஸ்டர்ஸ் அவ்வளவு கேவலப்படுத்திய அந்த மனிதன், பெட்டி கைவிட்டுப் போனபிறகு, பேசாமல் கலிஃபோர்னியாவுக்குப் போயிருக்கலாம். ஷெரிஃபிடம் சொல்லப்போகிறேன் என்று தெருவில் நடந்து போய் முதுகில் குண்டு வாங்கிச் சாகிறான்.

கடைசிச் சண்டையை நீங்கள் குறிப்பிடவே இல்லை. தங்கப்பெட்டி பாறைகளுக்கு நடுவே திறந்த வெளியில் கிடக்கிறது, இனி ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. காலில் அடிபட்ட ஸ்ட்ரைட் நீளத் துப்பாக்கியை ஊன்றி நிற்கிறான். மாஸ்டர்ஸின் கைகள் இடுப்புக்குப் போகின்றன, சத்தம் கேட்கிறது, அவன் முகத்தில் நம்பமுடியாத ஒரு வியப்பு. ஸ்ட்ரைட் துப்பாக்கி எடுப்பதைப் படம் காட்டுவதே இல்லை! இயக்குநர் பட் பெட்டிகர் இளம் வயதில் மெக்ஸிகோவில் காளைச்சண்டை கற்றவர். அசையாமல் நிற்கிறவன் மீது எப்படிக் கண் வைப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

விமர்சகர்கள் தூக்கிவிட்டார்கள் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. படம் வந்த அடுத்த ஆண்டே பிரான்சில் விமர்சகர் ஆந்த்ரே பஸான் இதைக் கொண்டாடி எழுதினார், அது நிஜம். ஆனால் அதன்பிறகு பல்லாண்டுகள் இது பார்க்கக் கிடைக்காத படமாகவே இருந்தது, 2000இல்தான் செப்பனிட்ட பிரதி வந்தது.

வேறு படம் கேட்டீர்கள். பெட்டிகர், கென்னடி, ஸ்காட் மூவரும் சேர்ந்து 1959இல் எடுத்த ‘ரைட் லோன்ஸம்’ பாருங்கள். அதே லோன் பைன், அதிலும் மனைவியை இழந்த ஒருவன்தான். அதில் தங்கம் கிடையாது, ஒரு கைதி இருக்கிறான், அவனை யார் கொண்டுபோய் ஒப்படைப்பது என்பதுதான் போட்டி. ஜேம்ஸ் கோபர்னுக்கு அதுதான் முதல் படம். பார்த்துவிட்டு எழுதுங்கள், பிடிக்கவில்லை என்றாலும் எழுதுங்கள்.