ஒரு பேக்டிக்கா (` குறி), ரெண்டா? பைத்தான் லைப்ரரி டாக்ஸ் மார்க்கப் சந்தேகம் எல்லாம் இங்க கேளுங்க

கேள்வி: அண்ணா, ஃபங்ஷன் பேரை ஒரு பேக்டிக்குள்ள போட்டா ஸ்ஃபிங்ஸ்ல (டாக்ஸ் பக்கங்களை உருவாக்கற டூல்) புரோகிராம் கோடு மாதிரி வராம சாய்வெழுத்தா வருது, ஏன்?

பதில்: மார்க்டவுன்ல பழகின கைப்பா அது. ஸ்ஃபிங்ஸ் படிக்கற ஆர்எஸ்டி (reStructuredText) மார்க்கப்ல கோடுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பேக்டிக் வேணும். ஒத்த பேக்டிக்னா ஏதோ ஒரு ரோல்னு (இது என்ன வகைன்னு சொல்ற குறி, :func: மாதிரி) எடுத்துக்கும், எந்த ரோல்னு நீ சொல்லலன்னா சாய்வா காட்டிட்டு போயிடும், வார்னிங் கூட வராது, அதனாலதான் வருஷக்கணக்கா யார் கண்ணுலயும் படாம கெடக்கு.

கேள்வி: அப்ப எல்லாத்தையும் ரெண்டாக்கிட்டா முடிஞ்சுதா ப்ரோ?

பதில்: இல்லங்க. ட்ரூ, ஃபால்ஸ், நன் இதுக்கெல்லாம் ரெண்டு பேக்டிக் போதும். ஃபங்ஷன், கிளாஸ் பேருக்கு அதுக்கான ரோல் குடுத்தாதான் லிங்க் கிடைக்கும், பேருக்கு முன்னாடி ~ போட்டா நீளமான மாட்யூல் பாதை மறைஞ்சு கடைசி பேர் மட்டும் தெரியும். ஆர்கியூமென்ட் பேர்லதான் ஊருக்கு ஒரு பழக்கம்: பைத்தானோட சொந்த டாக்ஸ்ல ஸ்டார் போட்டு சாய்வா எழுதுவாங்க, நம்பை லைப்ரரியோட டாக்ஸ்ட்ரிங்ல (கோடுக்குள்ளயே எழுதற விளக்கம்) ஒத்த பேக்டிக். ரெண்டுல எதுவானாலும் சரி, கலக்காதீங்க.

கேள்வி: ரிவ்யூல ஒவ்வொண்ணா பாத்து சொல்லி வாய் வலிக்குது சார்.

பதில்: அது மெஷின் வேலை. ஸ்ஃபிங்ஸ்-லின்ட்ங்கற செக் பண்ற டூல்ல, ரோல் சொல்லாத ஒத்த பேக்டிக்கை பிடிக்கற டீஃபால்ட் ரோல் செக் இருக்கு, தானா ஓடாது, நீங்கதான் ஆன் பண்ணணும், பைத்தானோட சொந்த ரெப்போவான சிபைத்தான்ல ஆன் பண்ணித்தான் வெச்சிருக்காங்க. உடைஞ்ச லிங்குக்கு ஸ்ஃபிங்ஸோட நிட்பிக்கி செட்டிங். முதல் தடவை வார்னிங் மழையா கொட்டும், பழசையெல்லாம் இக்னோர் லிஸ்ட்ல போட்டுட்டு புதுசு வராம மட்டும் முதல்ல தடுங்க.

கேள்வி: ரீஜெக்ஸ் (தேடி மாத்தற பேட்டர்ன்) போட்டு ஒரே பிஆர்ல (புல் ரெக்வெஸ்ட், மாற்றத்தை சேக்கச் சொல்லி அனுப்பறது) முடிச்சிடவா?

பதில்: ஐயோ வேணாம்! ரோலுக்குள்ள இருக்கறதும் ஒத்த பேக்டிக்தான், வெளி லிங்க்லயும் அதேதான், கண்ணை மூடிட்டு மாத்தினா :func:`open` போய் :func:``open`` ஆயிடும், லிங்க் காலி. இன்னொண்ணு யாரும் யோசிக்கறதில்ல, மொழிபெயர்ப்பு. உங்க டாக்ஸ் கெட்டெக்ஸ்ட்ங்கற மொழிபெயர்ப்பு டூல் வழியா வேற மொழிக்கு போகுதுன்னா பத்தி முழுக்க மார்க்கப்போட சேத்துத்தான் பிஓங்கற மொழிபெயர்ப்பு ஃபைல்ல இருக்கும், நீங்க ஒரு பேக்டிக் சேத்தாலே அந்த பத்தி ஃபஸ்ஸி (திரும்ப சரிபாக்க வேண்டியது) ஆயிடும், யாராவது திரும்ப பாத்து சரி பண்ற வரைக்கும் அந்த இடம் இங்கிலீஷ்லயே நிக்கும். அதனால எப்படியும் வாக்கியத்தை திருத்தப்போற பக்கத்துல மட்டும் மார்க்கப்பையும் சேத்து சரி பண்ணுங்க, ஒரு மாட்யூலுக்கு ஒரு பிஆர்.