நன்னீர்த் தொட்டியிலிருந்து கடல் மீன் தொட்டிக்கு மாறலாமா?

கேட்டவர் சென்னைக்காரர். ஐந்து வருடமாகக் கப்பியும் ஏஞ்சலும் வளர்க்கிறார். இப்போது இரண்டு நீமோ (கடலில் வாழும் கோமாளி மீன்) வளர்க்க ஆசை. வீட்டில் இருக்கும் இரண்டடித் தொட்டியிலேயே உப்புத் தண்ணீர் ஊற்றி ஆரம்பிக்கலாமா என்கிறார்.

மாறலாம், தாராளமாக. நானும் எட்டு வருடம் நன்னீர் மீன் வளர்த்துவிட்டு நான்கு வருடத்துக்கு முன்பு மாறியவன்தான். அப்போது எனக்கு அதிகம் சிரமம் கொடுத்தவை நன்னீரில் ஊறிப்போன பழக்கங்கள். அதனால் அவற்றைப் பற்றியே சொல்கிறேன்.

தண்ணீர் குறைந்தால் ஊற்றி நிரப்புவது அதில் ஒன்று. என் தொட்டி மூன்றடி நீளம், பாறை போக சுமார் 160 லிட்டர் பிடிக்கும். மே மாதச் சூட்டுக்காக மேலே இரண்டு சின்ன ஃபேன் வைத்திருந்தேன். தினமும் மூன்று லிட்டர் வரை ஆவியாகிக் குறையும். கடல் தொட்டிதானே என்று, வாளியில் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வந்தேன். பத்தாம் நாள் காலை விளக்கைப் போட்டால், நான் ஆசையாக வாங்கிய இறால் பாறைக்கு அடியில் ஒருக்களித்துக் கிடக்கிறது. நீளமான வெள்ளை மீசை மட்டும் லேசாக அசைகிறது. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன்: 1.030. இருக்க வேண்டியது 1.025. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஒரு லிட்டருக்கு 35 கிராம் வீதம் பத்து நாளில் ஒரு கிலோ உப்பை நானே கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன். அன்று மாலைக்குள் இறால் இறந்துவிட்டது. இன்று நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது.

ஆகவே குறையும் தண்ணீருக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர் மட்டுமே ஊற்றுங்கள். வாரத்துக்கொரு முறை தண்ணீர் மாற்றும்போது மட்டும் உப்புத் தண்ணீர். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் அந்தக் கோடு வரை நிரப்புங்கள். வீட்டு ஆர்ஓ மெஷினில் குடிப்பதற்காக மினரல் சேர்க்கும் பாகம் இருந்தால், அதற்கு முந்தைய குழாயிலிருந்து பிடிக்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

இவ்வளவு சின்ன மாற்றம் ஏன் உயிரை எடுக்கிறது என்றால், உடம்பின் வேலையே அங்கே தலைகீழ். நன்னீர் மீனின் உடம்பில் உப்பு அதிகம், வெளியே குறைவு. தண்ணீர் தானாக உள்ளே ஏறும், மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கடல் மீனுக்கு உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதனால் அது கடல் நீரைக் குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுள் வழியாகத் தள்ளுகிறது. இறால் போன்றவற்றுக்கு இந்தத் தாங்கும் சக்தி மீனைவிடவும் குறைவு. கடலில் உப்பும் சூடும் ஒரே நாளில் பெரிதாக மாறுவதில்லை. நாம் கொடுக்க வேண்டியதும் அந்த மாறாத நிலையைத்தான்.

அடுத்தது அவசரம். நன்னீரில் புதுத் தொட்டி வைத்து ஒரே வாரத்தில் மீன் விட்டுப் பிழைத்திருக்கும். இங்கே அது நடக்காது. கடல் நீரின் பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) 8.2 அருகில் இருக்கும். பிஹெச் ஏற ஏற, மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவின் விஷமும் ஏறும். பிஹெச் 7-இல் மீன் தாங்கிக்கொள்ளும் அளவு இங்கே செவுளைக் கருக்கிவிடும். அமோனியா நைட்ரைட்டாகி, அது நைட்ரேட்டாக மாறும் அளவுக்கு பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை மீன் வேண்டாம். நடுவில் மணல், பாறை எல்லாம் பழுப்பாகப் படியும். பயப்படாதீர்கள், அது டயாட்டம் என்ற நுண்பாசி, தானாகப் போய்விடும்.

உப்புக்குக் கடைகளில் கிடைக்கும் மரைன் சால்ட் பாக்கெட்தான், சமையல் உப்பு கூடாது. ஆர்ஓ தண்ணீரில் உப்பைக் கொட்டி, ஒரு சின்ன பம்ப் போட்டு ஒரு நாள் சுழல விட்டுப் பயன்படுத்துங்கள். கடற்கரையில் கேன் பிடிக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். கூவமும் அடையாறும் கலக்கும் கரை இது, மழைக்காலத்தில் உப்பளவும் இறங்கிவிடும்.

நம் ஊரில் பெரிய செலவு சூட்டைத் தணிப்பதுதான். 25, 26 டிகிரி வேண்டும். ஃபேன் இரண்டு மூன்று டிகிரிதான் இறக்கும், மே மாதத்துக்கு அது போதாது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கப் பணம் சேரும்வரை தொடங்காமல் இருப்பதே மீனுக்கு நல்லது. கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் வேண்டும், ஏனென்றால் சூடான உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும்.

பாறை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ராமேஸ்வரம் பக்கம் போனால் கரையில் கிடக்கும் பவளத் துண்டை எடுத்து வராதீர்கள், யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் கல் பவளங்கள் எல்லாமே இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் மிஞ்சியிருப்பதை நம் அலங்காரத்துக்காக உடைக்க வேண்டாம். செராமிக் பாறையில் பாக்டீரியா நன்றாகவே வளரும்.

மீனும் அப்படித்தான். நீமோவைப் பண்ணையில் பொரிக்க வைக்கும் முறையை, ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே உருவாக்கியிருக்கிறது. வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் வாங்கும்போது பண்ணைக் குஞ்சுதானா என்று கேட்டு வாங்குங்கள். அது தீனிக்கும் தொட்டிக்கும் பழகியிருக்கும். கடலில் நீமோ ஒளிந்து வாழும் உயிரியான கடல் சாமந்தி இல்லாமலே அது தொட்டியில் நன்றாக வாழும், முதல் வருடம் சாமந்தி வாங்க வேண்டாம். இரண்டு குஞ்சுகளைச் சேர்த்து வாங்கினால் போதும். எல்லாமே ஆணாகத்தான் தொடங்கும், பிறகு வலுத்தது பெண்ணாகிவிடும்.

சரி, உங்கள் இரண்டடித் தொட்டி. அதில் 60 லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். தண்ணீர் குறைவாக இருந்தால் உப்பும் சூடும் சீக்கிரம் ஏறி இறங்கும், புதிதாகத் தொடங்குபவருக்கு அது கஷ்டம். மூன்றடித் தொட்டி வாங்குங்கள், ஆனால் இதை விற்றுவிடாதீர்கள். கடல் மீனுக்கு வரும் வெண்புள்ளி நோய், நன்னீர் வெண்புள்ளி மாதிரி ஒரு பிடி உப்புக்கும் ஹீட்டருக்கும் அடங்காது. அதற்குச் செம்பு மருந்து வேண்டும், அதைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் இறாலும் நத்தையும் செத்துவிடும். புதிதாக வரும் எந்த மீனையும் முதல் நான்கு வாரம் இந்தப் பழைய தொட்டியில், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு போட்டு, தனியாக வைத்துப் பாருங்கள். புள்ளி இல்லாமல், நன்றாகச் சாப்பிடுகிறது என்றால் அப்புறம் பெரிய தொட்டிக்கு மாற்றலாம்.