முந்திரித் தோப்பை விற்காதீர்கள்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு. செஸ்ஸில் ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் 1650. பள்ளியை நிறுத்திவிட்டு முழுநேரமாக ஆடினால் மூன்றே வருடத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆக்கிக் காட்டுகிறேன் என்கிறார் கோச். குகேஷும் நாலாம் வகுப்புக்குப் பிறகு ஒழுங்காகப் பள்ளிக்குப் போகாதவர்தானே? பண்ருட்டிப் பக்கம் இருக்கும் முந்திரித் தோப்பை விற்றுவிடலாமா?
(பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: விற்காதீர்கள். பள்ளியையும் நிறுத்தாதீர்கள்.

குகேஷ் 2019 ஜனவரியில் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது அவருக்கு வயது 12. அதற்கு முன்பே பையனின் வேகம் கண்ணுக்குத் தெரிந்ததால்தான் மருத்துவரான அப்பா தொழிலை ஒதுக்கிவைத்துக் கூடவே அலைந்தார். அம்மாவின் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. சரி, ஆனந்த் ஏன் உங்கள் நினைவுக்கு வரவில்லை? 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன அவர் லயோலா கல்லூரியில் பி.காம். படித்தவர்.

இனி, கோச் உங்களுக்குச் சொல்லாத கணக்கு. 18 வயதுக்குட்பட்ட பையன், 2300-க்குக் கீழே இருக்கும்வரை, தனக்குச் சமமான ஆளை ஜெயித்தால் ரேட்டிங்கில் 20 புள்ளி ஏறும். அந்தச் சலுகை முடிந்ததும் அதே வெற்றிக்கு 10. 2400-ஐத் தொட்டுவிட்டால் வெறும் 5. இன்று மளமளவென்று ஏறுவதை வைத்து மூன்று வருடம் என்று அவர் சொல்கிறார் என்றால், மேலே போகப் போக ஏணிப்படி உயரமாகிக்கொண்டே போவதை மறைக்கிறார். கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங் மட்டும் போதாது, மூன்று நார்ம், அதாவது போட்டிகளில் ஆடிப் பெறும் தகுதி, வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கிராண்ட்மாஸ்டர்களும் வெளிநாட்டவரும் கலந்திருக்கும் போட்டியில் 2600 தரத்தில் ஆட வேண்டும். அதற்காகத்தான் நம் பிள்ளைகள் செர்பியாவுக்கும் ஹங்கேரிக்கும் பறக்கிறார்கள். நாகர்கோவில்காரர் ஷியாம் நிகில் 2012-லேயே 2500-ஐத் தொட்டவர். கடைசி நார்ம் துபாயில் கிடைத்தது 2024-இல். பன்னிரண்டு வருடம்! அந்தப் பொறுமையை நான் மனதார வணங்குகிறேன். ஆனால் அத்தனை வருடமும் வீட்டுச் செலவு நிற்காதே.

பட்டம் வந்த பிறகும் யாரும் மாதச் சம்பளம் தரப்போவதில்லை. இந்தியாவில் மட்டும் கிராண்ட்மாஸ்டர்கள் 85 பேரைத் தாண்டிவிட்டார்கள். பரிசுப் பணத்திலேயே வாழ்பவர்கள் உச்சியில் இருக்கும் சிலர்தான். மற்றவர்கள் ஜெர்மன் லீக்கில் கிளப்புக்காக ஆடுகிறார்கள், பெரிய ஆட்டக்காரர்களுக்கு ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) தயாரித்துக் கொடுக்கிறார்கள், பலர் கோச் ஆகிறார்கள். அது தாழ்ந்த வேலை இல்லை. ஆர்.பி. ரமேஷ் எண்ணெய் நிறுவன வேலையை விட்டுவிட்டுக் கோச் ஆனதால்தான் பிரக்ஞானந்தாவுக்கும் வைஷாலிக்கும் அப்படியொரு ஆசான் கிடைத்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை என்ற வழியும் உண்டு. அதற்கும் படிப்புத் தகுதி கேட்பார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பையன் ஆடட்டும், நன்றாகவே ஆடட்டும். லீவு நாட்களில் புதுச்சேரியிலும் சென்னையிலும் நடக்கும் ஓபன் போட்டிகளுக்கு அனுப்புங்கள். 2200-ஐத் தாண்டட்டும், அப்புறம் படிப்பை எப்படி வளைப்பது என்று பேசலாம். பத்தாம் வகுப்பைத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதவும் வழி இருக்கிறது.

அதற்கு முன் ஒரு வேலை. உங்கள் கோச்சிடம் ஐந்து வருடம் படித்த மாணவர்கள் நாலு பேரின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். யாருடைய ரேட்டிங் எப்போது எவ்வளவு ஏறியது, எங்கே நின்றது என்பதெல்லாம் ஃபிடே இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பெயர் தர அவர் தயங்கினால், வேறு கோச்சைத் தேடுங்கள்.