கையெழுத்துப் போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகுமா?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். கல்லூரியில் படிக்கும் என் மகன் இங்குள்ள ஆர்மி நேஷனல் கார்டில் (பகுதிநேர ராணுவப் படை) இருக்கிறான். தொடர்ந்து இரண்டு மாதம் வார இறுதிப் பயிற்சிக்குப் போகவில்லை. கமாண்டர் ‘ஆர்ட்டிகிள் 15’ என்று ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறாராம். போடலாமா? நாளை வேலைக்குப் போகும்போது கிரிமினல் வழக்கு என்று வந்து நிற்குமா?

பதில்: நிற்காது. இது நீதிமன்றம் ஏறாமல் கமாண்டரே கொடுக்கும் தண்டனை. குற்றத் தீர்ப்பு ஆகாது. தாளைப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடுவதும் குற்றத்தை ஒப்புக்கொள்வது அல்ல. விசாரணையில் ‘நான் செய்யவில்லை’ என்று தாராளமாக வாதாடலாம்.

ஆனால் எந்தச் சட்டத்தில் நடவடிக்கை என்று முதலில் பாருங்கள். ‘ஆர்ட்டிகிள் 15’ என்பது கூட்டாட்சி (அமெரிக்க மத்திய அரசு) ராணுவச் சட்டத்தின் பிரிவு. கார்டு வீரர்களுக்கு அது கூட்டாட்சிப் பணியில் இருக்கும்போதுதான் பொருந்தும். மாதாந்தரப் பயிற்சி அப்படியல்ல. அதற்கு டெக்சாஸ் மாநிலத்தின் சொந்த ராணுவ நீதிச் சட்டம் இருக்கிறது. பேச்சு வழக்கில் இரண்டையும் ஒரே பெயரால் சொல்லிவிடுகிறார்கள், குழப்பமே அங்கேதான். இணையத்தில் கிடைக்கும் ‘கேப்டன் கொடுத்தால் 14 நாள் கூடுதல் வேலை, 7 நாள் சம்பளப் பிடித்தம், மேஜர் அல்லது மேலே என்றால் 45 நாள்’ என்ற கணக்கெல்லாம் கூட்டாட்சிக் கணக்கு. தண்டனை வரம்பு, கோர்ட் மார்ஷல் (ராணுவ நீதிமன்ற விசாரணை) கேட்கும் உரிமை, மேல்முறையீட்டுக் கெடு மூன்றும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் தாளில் எழுதியிருக்கும் சட்டப் பிரிவைக் குறித்துக்கொண்டு, கார்டிலேயே வீரர்கள் தரப்பில் வாதாட இருக்கும் ராணுவ வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டணம் கிடையாது. தாளில் தண்டனையை ஏற்பதா மறுப்பதா என்று கேட்கும் இடத்தில் மட்டும் அவரைக் கேட்காமல் எதையும் குறிக்க வேண்டாம்.

உண்மையில் எனக்குக் கவலை தருவது வேறு. ஒரு வார இறுதிப் பயிற்சி வழக்கமாக நான்கு அமர்வுகள். இரண்டு வார இறுதி என்றால் எட்டு. ஓராண்டுக்குள் காரணமில்லாமல் தவறவிட்ட அமர்வுகள் ஒன்பதைத் தொட்டால் ‘பங்கேற்பு திருப்தியில்லை’ என்று முடிவுகட்டிப் படையிலிருந்தே அனுப்பலாம். உங்கள் பையன் விளிம்பில் நிற்கிறான். உடம்பு சரியில்லை என்று ஏதாவது காரணம் இருந்திருந்தால் டாக்டர் சான்றிதழை இப்போதே கொடுத்து, அந்த நாட்களை அனுமதித்த விடுப்பாக மாற்றக் கேட்கட்டும். அடுத்த பயிற்சிக்கு எப்படியாவது போய்விடச் சொல்லுங்கள்.