இடுப்பு மூட்டில் வைக்கும் செராமிக்கும் உலோகமும் ஏன் பழுதாகின்றன?

சென்னையில் அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றப் போகிறார்கள், செராமிக், உலோகம் இரண்டுமே பழுதாகுமாமே என்று கேட்டிருக்கிறீர்கள்.

செயற்கை மூட்டில், தொடை எலும்புக்குள் செருகும் தண்டின் முனையில் ஒரு பந்தும், அது சுழல இடுப்பெலும்பில் ஒரு கிண்ணமும் இருக்கும். உலோகக் கிண்ணத்தில் உலோகப் பந்து உரசும் வகையை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். கோபால்ட், குரோமியத் துகள்கள் உதிர்ந்து சுற்றியுள்ள தசையைக் கெடுக்கும், ரத்தத்திலும் கலக்கும். மறு அறுவைகள் பெருகியதால் டிப்யூ நிறுவனம் ஏஎஸ்ஆர் என்ற தன் இவ்வகைச் செயற்கை மூட்டை 2010-ல் திரும்பப் பெற்றது.

செராமிக் தேய்வது மிகக் குறைவு. ஆனால் வளையாது, உடையும். கிண்ணம் சரியான கோணத்தில் அமையாவிட்டால் பந்து விளிம்பில் அழுந்தும், நடக்கையில் கிறீச்சிடும். தண்டின் கூம்பு முனையில் பந்தைப் பொருத்தும்போது இடையே எலும்புத் துணுக்கு சிக்கினாலும் அழுத்தம் ஓரிடத்தில் குவிந்து, பின்னாளில் விரிசல் விடலாம். உடைந்தபின் உலோகப் பந்து வைப்பது ஆபத்து: மிஞ்சிய செராமிக் சில்லுகள் அதை அரம்போல ராவிவிடும்.

செராமிக் பந்தும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் கிண்ணமும் அம்மாவுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.